துடிப்பு ஒரு கணக்கு, கலோரி வேறு கணக்கு

வங்கியில் பணியாற்றுவோருக்கு மார்ச் 31 மற்ற நாள்களைப் போன்றதன்று. அன்றிரவுக்குள் ஏடுகள் எல்லாம் நேர்ந்தாக வேண்டும். சென்ற ஆண்டு அந்தப் பணி முடிந்த மறுநாள், என் சொந்தக் கணக்கு ஒன்றையும் முடித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. பணியிட மாற்றத்தில் மும்பைக்கு வந்த பின், தாதரில் உள்ள சிவாஜி பார்க்கைச் சுற்றிக் காலையில் நடப்பதை வழக்கமாக்கிக்கொண்டிருந்தேன். சனவரி முதல் தேதியன்று மணிக்கட்டில் கட்டிய ஸ்மார்ட் வாட்ச், மூன்று மாதங்களில் அத்தகைய 75 நடைகளைப் பதிவு செய்திருந்தது. ஒவ்வொரு நடைக்கும் சராசரியாக 450 கலோரிக்குச் சற்று மேல். மொத்தத்தில் ஏறத்தாழ 34,000 கலோரி எரிந்துவிட்டதாக அது காட்டியது. உடற்கொழுப்பு ஒரு கிலோ குறைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும் என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கணக்கு. அதன்படி என் எடையில் 4 கிலோவுக்கு மேல் குறைந்திருக்க வேண்டும். எடைக் கருவியில் ஏறி நின்றேன். சனவரியில் 78 கிலோ. ஏப்ரலிலும் 78 கிலோ.

வணிகவியல் படித்தவனுக்கு இதைவிட எரிச்சலூட்டும் காட்சி இல்லை. செலவு என்று ஓர் ஏடு சொல்கிறது; இருப்போ அசையாமல் நிற்கிறது. வாடிக்கையாளரின் ரொக்க ஏடும் வங்கியின் செல்லேடும் வெவ்வேறு இருப்பைக் காட்டினால், வேறுபாட்டுக்கான காரணங்களை ஒவ்வொன்றாக எழுதி வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் தயாரிப்பது எங்கள் வழக்கம். கடிகாரத்துக்கும் எடைக் கருவிக்கும் இடையே அப்படியொரு பட்டியலைத் தயாரிக்க முனைந்தேன். அம்முயற்சியில் கற்றுக்கொண்டவை, இக்கருவியை அணிந்து நடக்கும் வாடிக்கையாளர்களுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே எழுதுகிறேன். இக்கட்டுரையில் கலோரி என்று வரும் இடங்களில் எல்லாம், உணவுப் பொட்டலங்களில் அச்சிடப்படும் கிலோ கலோரியையே குறிப்பிடுகிறேன்.

கடிகாரம் எண்ணுவது எதை?

மணிக்கட்டில் அணியும் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பகுதியில் பச்சை விளக்குகள் மின்னுவதைக் காணலாம். குருதி பச்சை ஒளியை நன்கு உறிஞ்சும். இதயம் ஒருமுறை சுருங்கும்போது மணிக்கட்டின் நுண்ணிய நாளங்களில் குருதி சற்று மிகுதியாகப் பாய்கிறது. அக்கணத்தில் திரும்பி வரும் ஒளி குறைகிறது. அடுத்த கணத்தில் மீண்டும் கூடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நிமிடத்துக்கு இத்தனை துடிப்பு என்று கருவி சொல்கிறது.

மார்பில் கட்டும் பட்டையின் முறை வேறு. இதயத் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் எழும் மின்னலையை அது தோலின் வழியே நேரடியாகப் பற்றிக்கொள்கிறது. இவ்வகையில் முன்னோடி பின்லாந்து நாட்டின் போலார் நிறுவனம். செப்போ சாய்னாயகங்காஸ் என்னும் பொறியாளர் 1977இல் அதைத் தொடங்கினார். பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சிக்குத் துணையாகத் தொடங்கிய அந்த முயற்சியில், கம்பி இணைப்பு இல்லாமல் இயங்கும் இதயத்துடிப்பு மானி 1982இல் சந்தைக்கு வந்தது. இன்றும் துல்லியத்தில் மார்புப் பட்டைக்கே முதலிடம். கையை வீசி நடக்கும்போதும், மிதிவண்டியின் கைப்பிடியை இறுகப் பற்றும்போதும், பட்டை தளர்ந்திருக்கும்போதும் மணிக்கட்டுக் கருவி தடுமாறும்.

அத்தடுமாற்றங்களுள் ஒன்றை மட்டும் தனியே சொல்லத் தோன்றுகிறது. விரைவாக நடக்கும்போது ஒரு நிமிடத்தில் நாம் வைக்கும் அடிகள் 110 முதல் 120 வரை இருக்கும். நடுத்தர வேகத்தில் நடக்கும் நடுவயதினர் பலரின் இதயத்துடிப்பும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில்தான் இருக்கும். ஆகவே கடிகாரம் சில வேளைகளில் நடையின் தாளத்தையே நாடித்துடிப்பாக எண்ணிவிடும். ஐயம் எழுந்தால் நின்று, கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து 15 வினாடிகளுக்கு நாடியை எண்ணி, நான்கால் பெருக்கிப் பார்க்கலாம். செலவில்லாத தணிக்கை அது.

இங்கே இத்தாலியின் பாதுவா நகரில் வாழ்ந்த சான்டோரியோ என்னும் மருத்துவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1561 முதல் 1636 வரை வாழ்ந்தவர். ஊசலின் நூலை நீட்டியும் குறுக்கியும் அதன் ஆட்டத்தை நோயாளியின் நாடியோடு ஒத்துப்போகச் செய்து துடிப்பை அளக்கும் கருவியைப் பயன்படுத்தியவர். அதே மனிதர் ஒரு பெரிய தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து, உண்டதையும் குடித்ததையும் கழித்ததையும் பல்லாண்டுகள் எடை போட்டுக் குறித்து வைத்தார். உட்சென்றதற்கும் வெளிவந்ததற்கும் இடையே இருந்த வேறுபாட்டைக் கண்டு, உடலிலிருந்து நம் கண்ணுக்குத் தெரியாமல் ஏதோ வெளியேறுகிறது என்று முடிவு செய்து 1614இல் நூலாகவே வெளியிட்டார். நாடியையும் உடலின் வரவு செலவையும் ஒருவரே அளந்தார். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கணக்கிட்டுவிடலாம் என்று அவர் எண்ணவில்லை. அந்தத் துணிச்சல் நம் காலத்துக்கு உரியது.

துடிப்பிலிருந்து கலோரிக்கு

அந்தத் துணிச்சலுக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. தசை வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். உடல் ஒரு லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது ஏறத்தாழ 5 கலோரி ஆற்றல் வெளிப்படுகிறது. ஆகவே ஒருவர் மூச்சின் வழியே எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறார் என்று அளந்துவிட்டால், அவர் எவ்வளவு கலோரி செலவிடுகிறார் என்பது தெரிந்துவிடும். ஆய்வுக்கூடங்களில் முகத்தில் மூடியைப் பொருத்தி இதைத்தான் அளக்கிறார்கள். அந்த ஆக்சிஜனைத் தசைக்குச் சுமந்து செல்வது குருதி. குருதியைச் செலுத்துவது இதயம். மிதமானது முதல் கடுமையானது வரையிலான உடற்பயிற்சியில், ஆக்சிஜன் தேவை கூடக்கூடத் துடிப்பும் ஏறக்குறைய நேர்க்கோட்டில் கூடுகிறது. மூச்சை அளக்க முடியாத இடத்தில் துடிப்பை அளந்து மூச்சை ஊகிக்கலாம் என்பதே இக்கருவிகளின் உள்ளிருக்கும் கருத்து.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். துடிப்பு என்பது எண்ணப்பட்ட தொகை. கலோரி என்பது அதிலிருந்து ஊகிக்கப்பட்ட தொகை. திரையில் இரண்டும் ஒரே அளவு எழுத்தில், ஒரே உறுதியோடு தோன்றுவதால் இரண்டையும் ஒரே தரத்தில் நம்பிவிடுகிறோம். கடன் விண்ணப்பத்தில் வங்கிக் கணக்கில் உள்ள இருப்பையும், அடுத்த மூன்றாண்டு விற்பனைக்கான உத்தேச மதிப்பீட்டையும் ஒரே பத்தியில் எழுதிக் கொண்டுவருவார்கள். இரண்டையும் கூட்டிப் பார்க்கும் அலுவலர் வேலைக்கு ஆக மாட்டார்.

நிறுவனங்கள் தத்தம் கடிகாரங்களில் பயன்படுத்தும் வாய்பாடுகளை முழுமையாக வெளியிடுவதில்லை. ஆனால் கீட்டெலும் சக ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட சமன்பாடு ஒன்று யாவரும் அறியக் கிடைக்கிறது. கலோரி கணக்கிடும் பல பட்டியல்களுக்கும் செயலிகளுக்கும் அதுவே அடிப்படை. ஆண்களுக்கு அது இவ்வாறு அமையும்: நிமிடத் துடிப்பை 0.6309ஆலும், கிலோவில் எடையை 0.1988ஆலும், வயதை 0.2017ஆலும் பெருக்கிக் கூட்டுக. அதிலிருந்து 55.0969ஐக் கழிக்க. கிடைப்பது நிமிடத்துக்கான கிலோ ஜூல், 4.184ஆல் வகுத்தால் கலோரி.

என் கணக்கையே போட்டுப் பார்ப்போம். துடிப்பு 115, எடை 78, அப்போது வயது 46. முறையே 72.55, 15.51, 9.28. கூட்டினால் 97.34. 55.10 போக 42.24. வகுத்தால் நிமிடத்துக்கு 10.1 கலோரி. 45 நிமிட நடைக்கு 454. என் கடிகாரம் காட்டிய தொகையும் ஏறத்தாழ இதுவே. ஆகக் கருவியில் பழுதில்லை. கூட்டல் பிழையும் இல்லை.

பிழை வேறிடத்தில் இருந்தது. அந்தச் சமன்பாடு, வழக்கமாக உடற்பயிற்சி செய்துவந்த 115 பேரை ஆராய்ந்து உருவாக்கப்பட்டது. அவர்களின் வயது 18 முதல் 45 வரை. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்து கடன் கோப்புகளைப் புரட்டும் 46 வயதுக்காரன் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்திருக்க வழியில்லை. பயிற்சி பெற்ற இதயம் ஒரு துடிப்பில் அதிகக் குருதியைச் செலுத்தும். பயிற்சி இல்லாத இதயம் அதே வேலைக்கு அதிக முறை துடிக்க வேண்டியிருக்கும். அவர்களின் 115 துடிப்பும் என் 115 துடிப்பும் ஒரே அளவு ஆக்சிஜனைச் சுமப்பதில்லை. என் இதயத்தின் சோம்பலையும் சேர்த்து உழைப்பாக எழுதிக்கொண்டது கடிகாரம்.

பெண்களுக்கான சமன்பாடு இன்னும் விந்தையானது. துடிப்பை 0.4472ஆலும் வயதை 0.074ஆலும் பெருக்கிக் கூட்டி, எடையை 0.1263ஆல் பெருக்கி அதைக் கழிக்க வேண்டும், பின்னர் 20.4022ஐயும் கழித்து, முன்போலவே 4.184ஆல் வகுக்க வேண்டும். எடை கழிக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். 46 வயதில் 115 துடிப்போடு 45 நிமிடம் நடக்கும் பெண்மணியின் எடை 65 கிலோவானால் 282 கலோரி; 75 கிலோவானால் 268. பாரம் கூடினால் சுமப்பதற்குச் செலவு கூடும் என்பது சுமை தூக்குபவர் எவருக்கும் தெரியும். ஒரு குழுவின் சராசரியிலிருந்து பிறந்த எண்கள், தனி ஒருவரிடம் வரும்போது இப்படி முரண்படுவதுண்டு.

துடிப்பு கூடுவதற்கு உழைப்பு ஒன்றே காரணமும் அன்று. வெயில், புழுக்கம், நீர்ச்சத்துக் குறைவு, காப்பி, கவலை ஆகிய எதுவும் அதைக் கூட்டும். மே மாத மும்பையில் அதே வேகத்தில் அதே தூரம் நடந்தாலும் துடிப்பு சனவரியைவிட அதிகமாகவே இருக்கும். உடல் தன்னைக் குளிர்விக்கத் தோலுக்குக் குருதியை அனுப்புவதே காரணம். ஒருநாள் தணிக்கையாளர் எதிரே அமர்ந்திருந்தபோது என் துடிப்பு 90 என்று காட்டியது. மேற்சொன்ன சமன்பாட்டில் அதை இட்டால் மணிக்கு 380 கலோரி வருகிறது. என் எடையுள்ளவர் அசையாமல் அமர்ந்திருக்கையில் மணிக்குச் சுமார் 80 கலோரிதான் செலவாகும். தணிக்கையாளர் வருகையால் உடல் இளைக்கும் என்றால் எங்கள் கிளையில் ஒருவருக்கும் தொந்தி இருக்காது.

கடிகாரங்களையே சோதித்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளை 60 தன்னார்வலர்களுக்கு அணிவித்து, நடக்கவும் ஓடவும் மிதிவண்டி மிதிக்கவும் வைத்து, மருத்துவத் தரமுள்ள கருவிகளோடு ஒப்பிட்டு 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏழில் ஆறு கருவிகள் துடிப்பை 5 விழுக்காட்டுக்கும் குறைவான பிழையோடு சொல்லிவிட்டன. கலோரியிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு பிழைத்தது. மிக மோசமானது 93 விழுக்காடு. அவை அன்றைய கருவிகள் என்பது உண்மைதான். ஆயினும் துடிப்பும் கலோரியும் நம்பகத்தில் ஒரே வரிசையில் நிற்பவை அல்ல என்பதற்கு அந்த ஆய்வைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

சரிக்கட்டும் பட்டியல்

இனி என் பட்டியலுக்கு வருகிறேன். துடிப்பைத் தொடாமலே நடையின் செலவைக் கணக்கிட ஒரு பழைய வழி உண்டு. அமைதியாக அமர்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை ஒரு மெட் என்று கொள்கிறார்கள். அது ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஏறத்தாழ ஒரு கலோரி. ஒவ்வொரு செயலும் அதைப்போல் எத்தனை மடங்கு என்று அட்டவணைகள் உள்ளன. சமதளத்தில் மணிக்கு ஐந்தரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் நடப்பதற்கு 4.3 மெட். என் வேகம் அதுவே. 45 நிமிடத்தில் 4.2 கிலோமீட்டர். 78 கிலோவை 4.3ஆல் பெருக்கி முக்கால் மணிக்குக் கணக்கிட்டால் 252 கலோரி. கடிகாரம் சொன்ன 454 எங்கே, 252 எங்கே!

அதுவும் மொத்தத் தொகைதான், நிகரத் தொகையன்று. அந்த முக்கால் மணி நேரம் நான் வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாலும் 58 கலோரி செலவாகியிருக்கும். நடந்ததால் கூடுதலாகச் செலவானது 194 மட்டுமே. எடை குறைய உதவுவது இந்த நிகரத் தொகை. பல கருவிகள் உடற்பயிற்சி நேரத்துக்கான மொத்தத் தொகையையே பெரிதாகக் காட்டுகின்றன. சில இரண்டையும் தனித்தனியே காட்டும். உங்கள் கருவி எதைக் காட்டுகிறது என்பதை அதன் அமைப்புகளில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நாள் முழுவதற்குமான அடிப்படைச் செலவையும் கூட்டி, நடைக்கான மொத்தத் தொகையையும் கூட்டினால் ஒரே செலவை இருமுறை எழுதிய குற்றம் வரும்.

75 நடைகளுக்கு நிகரம் ஏறத்தாழ 14,500. கடிகாரத்தின் 34,000 இங்கேயே பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. மீதியை எழுத எனக்குச் சற்று வெட்கம்தான். கடிகாரம் காட்டிய 450ஐ நம்பி, வாரத்தில் மூன்று நாள் நடை முடிந்ததும் தாதர் நிலையத்துக்கு அருகே ஒரு வடாபாவ் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவேன். 450 வரவில் 300 செலவு போனாலும் 150 மிச்சம் என்பது என் கணக்கு. ஒரு வடாபாவ் சுமார் 300 கலோரி என்று வைத்தால், 13 வாரங்களில் 39 முறைக்கு 11,700. உண்மையில் அந்நாள்களில் நிகர வரவு 194; செலவு 300. அதாவது மிகைப்பற்று! 14,500இல் 11,700 போக நிற்பது 2,800. கொழுப்பாக மாற்றினால் 360 கிராம். காலையில் ஒரு செம்பு தண்ணீர் குடித்தாலே எடைக் கருவியில் காணும் வேறுபாடு அது. பட்டியல் இவ்வளவு அழகாக நேர்ந்ததில் தற்செயலுக்கும் பங்குண்டு. என் வீட்டுச் சாப்பாட்டை நான் எடை போட்டவனல்லன். ஆனால் 4 கிலோ எங்கே போயிற்று என்ற கேள்வி அன்றோடு தீர்ந்தது. அது எங்கும் போகவில்லை, இருந்ததே இல்லை.

ஒரு மாத்திரை செய்த மாற்றம்

இதுவரை சொன்னதில் இழப்பு வடாபாவோடு நின்றது. சூன் மாதம் நடந்தது அப்படி நின்றிருக்காது.

வழக்கமான பரிசோதனையில் இரத்த அழுத்தம் மிகுந்திருப்பது தெரியவர, மருத்துவர் சில மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். அவற்றுள் ஒன்று மெட்டோபுரோலால். மறுவாரமே கடிகாரத்தில் ஒரு மாற்றம். அதே பாதை, அதே 45 நிமிடம். துடிப்பு மட்டும் 115இலிருந்து 95க்கு இறங்கியிருந்தது. கலோரி 454இலிருந்து 318. ஒரே வாரத்தில் 136 கலோரி குறைந்துவிட்டதே, நடையில் சோம்பல் வந்துவிட்டதே என்று என்னை நானே கடிந்துகொண்டேன். பழைய 115ஐ எட்டியாக வேண்டும் என்று வேகத்தைக் கூட்டினேன். எட்டவில்லை. ஓடத் தொடங்கினேன். மழைக்கு முந்தைய புழுக்கம் வேறு. இரண்டாவது நாள் கண்கள் இருண்டு வர, சிவாஜி பார்க்கைச் சுற்றியுள்ள குட்டைச் சுவரில் அமர்ந்துவிட்டேன். பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் தண்ணீர் கொடுத்து, முகம் தெளியும்வரை உடனிருந்தார். கடிகாரமோ இலக்கை எட்ட இன்னும் 90 கலோரி என்று அப்போதும் ஊக்கப்படுத்திக்கொண்டிருந்தது.

மருத்துவரிடம் சொன்னபோது அவர் கடிந்துகொள்ளவில்லை, கேள்விதான் கேட்டார். "இந்த மாத்திரையின் வேலையே இதயத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது என்று கடிகாரத்துக்குத் தெரியுமா?" தெரியாது. வயதையும் எடையையும் பாலினத்தையும் கேட்டுக்கொண்ட கருவி, என்ன மருந்து உட்கொள்கிறீர்கள் என்று கேட்கவில்லை. நானும் அதை எண்ணிப் பார்க்கவில்லை.

மெட்டோபுரோலால், அட்டெனோலால் போன்றவை பீட்டா பிளாக்கர் என்னும் வகையைச் சேர்ந்தவை. இரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்களுக்கும் நம் நாட்டில் பலர் இவற்றை உட்கொள்கின்றனர். இவை உட்கொள்பவருக்கு, உழைப்பு எவ்வளவு கூடினாலும் துடிப்பு பழைய அளவுக்கு ஏறாது. நடக்கும் தூரம் அதே. சுமக்கும் உடல் அதே. செலவாகும் ஆற்றலும் ஏறக்குறைய அதே. குறைந்தது துடிப்பு மட்டும். துடிப்பை நம்பிக் கலோரியைக் கணிக்கும் சமன்பாடு அதைச் சோம்பலாகப் படிக்கிறது. 220இலிருந்து வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கண்டு, அதில் இத்தனை விழுக்காட்டை எட்டுக என்று சொல்லும் பரவலான வழியும் இவர்களுக்குப் பொருந்தாது. துடிப்பு ஒழுங்கின்றித் தாவும் இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்களுக்கும் இதே எச்சரிக்கை உரியது. எந்த அளவுக்கு உழைக்கலாம் என்பதை இவர்கள் தம் மருத்துவரிடம் கேட்டு அறிவதே முறை. கடிகாரத்தின் எண் குறைகிறது என்பதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவது மிகவும் ஆபத்தானது. இவ்வகை மருந்தைத் திடீரென நிறுத்துவதே இதயத்துக்குக் கேடு செய்யும்.

எனக்கு மருத்துவர் சொன்ன அளவுகோல் எளியது. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியங்களில் பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுவே மிதமான உழைப்பு. பேசவும் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். மார்பில் வலியோ இறுக்கமோ, தலைசுற்றலோ தோன்றினால் அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவ உதவியை நாட வேண்டும்.

பின் எதற்கு அந்தக் கருவி?

இவ்வளவும் படித்த பின், கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடலாமே என்று தோன்றலாம். நான் கழற்றவில்லை. அது நன்றாகச் செய்யும் வேலையை மட்டும் அதனிடம் கேட்கிறேன். துடிப்பை அது ஏறக்குறையச் சரியாகவே எண்ணுகிறது. ஆகவே துடிப்பையே கேட்கிறேன். அதிலும் பிறரோடு ஒப்பிடாமல், என்னை என்னோடு ஒப்பிட மட்டும்.

முதலாவது, காலையில் கண் விழித்ததும், எழுவதற்கு முன், படுக்கையில் இருக்கும் துடிப்பு. மருந்தின் அளவு மாறாத நிலையில், வாரச் சராசரி மாதக்கணக்கில் மெல்ல இறங்கினால் இதயம் பயிற்சி பெறுகிறது என்று கொள்ளலாம். வழக்கத்தைவிடத் திடீரென ஏறி நின்றால் உறக்கக் குறைவோ, காய்ச்சலின் தொடக்கமோ இருக்கலாம். அன்று நான் மெதுவாகவே நடக்கிறேன்.

இரண்டாவது, ஒரே பாதையில், ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் நடக்கும்போது காணும் துடிப்பு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சில மாதப் பயிற்சிக்குப் பின் அதே நடைக்கு இதயம் குறைவாகத் துடிக்கும். அது நற்செய்தி. ஆனால் கலோரிக் கட்டத்தில் எண் குறைந்திருக்கும். உடல் முன்னேற முன்னேற அந்தக் கட்டம் நம்மைத் தேர்ச்சி குறைந்தவராகக் காட்டும்! இதை அறியாமல் மனம் சோர்ந்து நடையையே கைவிட்ட நண்பர் ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு இதை விளக்கியபோது அவர் கேட்ட கேள்விக்கு, அதாவது அதை ஏன் கருவியில் எழுதி வைக்கவில்லை என்பதற்கு, என்னிடம் விடை இல்லை.

மூன்றாவது, நடையை நிறுத்திய ஒரு நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பது. மாதங்கள் செல்லச்செல்ல விரைவாக இறங்கினால் நன்று.

அளவு சரியாக வர, கடிகாரத்தை மணிக்கட்டு எலும்புக்குச் சற்று மேலே, விரல் ஒன்று நுழையத் திணறும் இறுக்கத்தில் கட்ட வேண்டும். எடை மாறும்போதும், பிறந்தநாள் தோறும் வயது தானாக மாறாத கருவியானால் அதையும், திருத்திக்கொள்ள வேண்டும். அறிமுகமாகாத வாடிக்கையாளரின் பழைய முகவரிக்குக் கடிதம் அனுப்புவதுபோல், 82 கிலோ இருந்தபோது பதிந்ததையே வைத்துக்கொண்டு 75 கிலோவில் கணக்குக் கேட்பவர்கள் உண்டு.

கலோரி எண்ணை முற்றிலும் ஒதுக்க விரும்பாதவர்களுக்கு ஒரு வழி சொல்வேன். அதை அனாமத்துக் கணக்கில் வையுங்கள். வேறுபாடு எங்கே என்று கண்டறியும் வரை ஒரு தொகையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கும் கணக்கு அது; அதிலிருந்து யாரும் பணம் எடுக்க முடியாது. அதுபோல் கடிகாரத்தின் கலோரியைப் பதியுங்கள். அதை நம்பி உண்ணாதீர்கள். மாதம் ஒருமுறை எடையின் வாரச் சராசரியையும் இடுப்பளவையும் எடுத்து அதனோடு ஒப்பிடுங்கள். நான்கு மாதம் ஒப்பிட்டால், உங்கள் கருவி உங்களுக்கு எவ்வளவு மிகைப்படுத்துகிறது அல்லது குறைத்துச் சொல்கிறது என்பது தெரிந்துவிடும். உணவுப் பக்கத்தில் மதிப்பிடுவது ஒப்பீட்டளவில் எளிது. ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி, ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. நாளொன்றுக்கு நான்கு கோப்பை தேநீரில் கோப்பைக்கு 5 கிராம் சர்க்கரையை விட்டால் 80 கலோரி. தாளிக்கும் எண்ணெயில் 10 கிராம் குறைத்தால் 90. இரண்டும் சேர்ந்து 170. என் முக்கால் மணி நடையின் நிகரத் தொகைக்கு அது மிக அருகில் வருகிறது. நடை இதயத்துக்கும் சர்க்கரை அளவுக்கும் உறக்கத்துக்கும் செய்யும் நன்மைகள் தனி. அவை கலோரிக் கட்டத்தில் எழுதப்படுவதே இல்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் அளவும் நிமிடங்களில்தான் இருக்கிறது, கலோரியில் இல்லை.

இப்போது என்னிடம் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று இருக்கிறது. இடப்பக்கம் தேதி, விழித்ததும் துடிப்பு, நடந்த நிமிடம். வலப்பக்கம் நடையில் துடிப்பு, நின்ற ஒரு நிமிடத்தில் துடிப்பு. மாத இறுதியில் எடையும் இடுப்பளவும். இன்று காலைப் பதிவு: விழித்ததும் 62, 45 நிமிடம், நடையில் 91, நின்ற பின் 74. சுவரருகே தண்ணீர் கொடுத்த முதியவர் இன்று எனக்கு முன்னால் நடந்து போனார். அவர் கையில் கடிகாரமே இல்லை. கலோரி என்று தலைப்பிட்ட ஒரு பத்தியும் குறிப்பேட்டில் இருக்கிறது. அதைச் சூன் மாதத்திலிருந்து நான் நிரப்பவில்லை.